தேன் அடைகளுக்கு அந்துருண்டை வாங்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில், வீட்டுத் தோட்டத்தில் சில தேன் பெட்டிகள் வைத்திருக்கிறோம். ரப்பர்த் தேன் எடுத்து முடித்ததும் தேன் அறைகளை (பெட்டியில் தேன் சேரும் மேலடுக்குகளை) கழற்றி அடுக்கி வைத்தோம். இப்போது அடைகளில் வெள்ளை வலையும் கறுப்புத் துகள்களும் தெரிகின்றன. கடையில் அந்துருண்டை போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா? பெட்டிகளையும் மாற்ற வேண்டுமா?

பதில்: அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் நாஃப்தலீன் மெழுகில் ஊறி, அடுத்த பருவத்துத் தேனிலும் கலக்கக்கூடும். வீட்டுக் குழந்தைகள் உண்ணும் தேனில் அது எந்த அளவிலும் இருக்கக் கூடாது. நெல் மூட்டைக்குப் போடும் நச்சுவாயு மாத்திரைகளோ மனித உயிருக்கே ஆபத்தானவை என்பதால், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உங்கள் அடைகளைத் தின்பவை மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள். மெழுகைக் காட்டிலும் மகரந்தமும், தேனீக் குஞ்சுகள் வளர்ந்து வெளியேறிய கண்ணறைகளில் தங்கும் கூட்டுத் தோல்களுமே அவற்றுக்கு நல்ல உணவு என்பதால், கறுத்த பழைய அடைகளே முதலில் அழியும். அவற்றை உருக்கி மெழுகாக்கிவிட்டு, வெளிறிய தேன் அடைகளை மட்டும் சேமியுங்கள். இந்தியத் தேனீக்கான அடைகளைத் தாங்கும் மரச்சட்டங்கள் சிறியவை. ஆகவே அவற்றை நெகிழிப் பையில் இறுகக் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தால் முட்டை உட்பட அனைத்தும் இறந்துவிடும். வெளியே எடுத்ததும், குளிர் முழுவதும் தணியும்வரை பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் அடையில் ஈரம் படியும்.

ஃப்ரீசரில் இடமில்லையெனில் கந்தகத்தூள் வாங்கலாம். அதன் புகை காற்றைவிடக் கனமானது; எனவே அடுக்கின் உச்சியில் வெற்றுப் பெட்டி ஒன்றை வைத்து, அதனுள் தகரத்தில் கந்தகத்தை எரித்து மூட வேண்டும். தேனீக்கள் இல்லாத பெட்டிகளுக்கு மட்டும், வீட்டுக்கு வெளியே, நெருப்பு மரத்தில் படாமல், புகையைச் சுவாசிக்காமல் இதைச் செய்யுங்கள். முட்டைகள் இதற்குச் சாகாது என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் புகையிட வேண்டும்.

தேனீக்கள் இருக்கும் பெட்டிகளையும் உடனே பாருங்கள். தென்மேற்குப் பருவமழையில் பூ குறைந்து கூட்டம் மெலியும்போது, தேனீக்கள் மொய்த்து மூடாத அடைகளில் இதே அந்து நுழைகிறது. தாக்குதல் மிகுந்தால் இந்தியத் தேனீ பெட்டியையே விட்டுப் பறந்துவிடும். மழையில்லாத வேளையில் வாரம் ஒருமுறை திறந்து, அடிப்பலகைக் குப்பையைச் சுரண்டி, வெற்று அடைகளை எடுத்துவிட்டு, சர்க்கரைப் பாகு வையுங்கள்.

புதுப் பெட்டிக்குச் செலவு தேவையில்லை. புழுக்கள் மரத்தில் குடைந்த பள்ளங்களைச் சுரண்டி, உட்புறத்தைத் தீயில் இலேசாக வாட்டினால் போதும். பழைய அடையோடு மலிவாகக் கிடைக்கும் சட்டங்களை மட்டும் வாங்காதீர்கள். அந்துமுட்டையும் நோயும் அவற்றோடு வரக்கூடும்.