தாய் சி கற்பிக்கத் தொடங்கும் முன் – கடிதம்

வணக்கம். தர்மபுரியில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். காணொளி பார்த்து, மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தாய் சியின் 24 அசைவும் முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. காலை நடைக்கு வரும் பெரியவர்கள் கற்றுத்தரச் சொல்கிறார்கள். ஆரம்பிக்கலாமா? சான்றிதழ் வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

சான்றிதழுக்கு முன்னால் ஒரு கேள்வி. எதிரில் நிற்பவர் அடி வைக்கும்போது எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்ததும் சொல்ல முடியுமா? தாய் சியின் கிளைகளில் ஒன்றான யாங் மரபிலிருந்து 1956-இல் சீனாவில் சுருக்கி அமைத்த 24 அசைவும் சில மாதத்தில் மனப்பாடமாகும். அந்தக் கண் வரத்தான் ஆண்டுகள் பிடிக்கும். காணொளியில் கை தெரியும், எடை தெரியாது.

காட்டுக்குதிரையின் பிடரியை வகிரும் அசைவையே பாருங்கள். எடை முன்காலில் இருக்கும்போதே பலர் பாதத்தைத் திருப்புகிறார்கள். பாதம் தரையைப் பிடித்திருப்பதால் முறுக்கு முழங்காலில் இறங்குகிறது. மடங்கி நீளவே அமைந்த மூட்டு அது. பின்காலில் உட்கார்ந்து, முன்பாதத்தின் விரல்பக்கத்தைத் தூக்கி, இடுப்போடு சேர்த்துச் சுமார் 45 பாகை வெளியே திருப்பி, அதன்பிறகே எடையை மாற்ற வேண்டும். தரையைக் கவ்வும் ரப்பர் ஷூவும் இதே கேட்டைச் செய்யும். தட்டையான, மெல்லிய அடியுள்ளது நல்லது. குதிகால்கள் இரண்டும் ஒரே கோட்டில் விழுந்தால் உடல் ஆடும். குறுக்கே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

உங்கள் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்கள் உங்கள் வரிசையில் நிற்கக்கூடும். அதனால் சிலருக்கு முதுகும் இடுப்பும் இறுகியிருக்கும். அவர்களிடம் "இன்னும் திரும்புங்க" என்றால் அந்தத் திருப்பமும் முழங்காலுக்குத்தான் போகும். சேர்க்கும்போதே மூட்டுவலி, தலைசுற்றல், விழுந்த அனுபவம் எல்லாம் கேளுங்கள். அடியைப் பாதியாக்குங்கள், நிமிர்ந்தே செய்யட்டும், பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். ஒரு காலை நீட்டித் தாழ்ந்து, எழுந்து ஒற்றைக்காலில் நிற்கும் 16, 17-ஆம் அசைவுகள் அவர்களுக்கு வேண்டாம்.

இனி சான்றிதழ். சீனாவில் வூஷூ எனும் சீனத் தற்காப்புக் கலைகளுக்கு 9 படித் தரவரிசை இருக்கிறது. இரண்டு நாள் முகாமில் தரும் பயிற்றுநர் சான்றிதழுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஓசூர் தாண்டினால் பெங்களூரு. தள்ளும் கைப் பயிற்சி தரும் ஆசிரியராகத் தேடி மாதம் இருமுறையாவது நேரில் போங்கள். இருவர் மணிக்கட்டைத் தொட்டு வட்டமிடும் அந்தப் பயிற்சியில்தான் அடுத்தவர் எடை எங்கே இருக்கிறது என்பது கைக்குப் புரியும். யாங் மரபின் ஆசான் யாங் செங்ஃபூவின் பத்துக் குறிப்புகளில், எடை நிறைந்த கால் எது, எடையில்லாத கால் எது என்று பிரித்தறிவதும் ஒன்று.

அதுவரை ஆறேழு பேரோடு, நின்ற இடத்தில் எடை மாற்றுவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள், தினம் 20 நிமிடம். 24 அசைவு பிறகு வரட்டும்.