எம்.டி. ரேடியாலஜி: முதல் வருடத்தில் புரோபைப் பிடியுங்கள்

கேள்வி: மேலூர்க்காரி நான். எம்.பி.பி.எஸ். முடித்து, மதுரையிலேயே எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் இடம் கிடைத்திருக்கிறது. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் படிக்கச் சீக்கிரம் பழகிக்கொள் என்கிறார்கள் சீனியர்கள். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. கதிர்வீச்சை நினைத்து வீட்டில் பயப்படுகிறார்கள். மூன்று வருடத்தை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

பதில்: வாழ்த்துகள். வீட்டாரின் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே கதிரே கிடையாது. சி.டி. ஓடும்போது நீங்கள் ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பீர்கள். கவனம் வேண்டியது பேரியம் (உணவுப் பாதையைப் பார்ப்பது), எச்.எஸ்.ஜி. (கருப்பை, கருக்குழாயைப் பார்ப்பது) செய்யும் ஃப்ளூரோஸ்கோப்பி, அதாவது ஓடும் எக்ஸ்ரே அறையில்தான். லெட் ஏப்ரனும் தைராய்டு காலரும் இல்லாமல் அங்கே நுழையாதீர்கள். வாங்கிய கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் மாட்டுங்கள். டிராயரில் கிடக்கும் பேட்ஜ் டிராயர் வாங்கிய கதிரைத்தான் காட்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் உறுதியானால் உடனே துறைத் தலைவருக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதிலிருந்து பிரசவம் வரை கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். அந்த மாதங்களுக்கு அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. போஸ்டிங் கேளுங்கள். கேட்கக் கூச்சமே வேண்டாம்.

சரி, இனி படிப்பு. உங்கள் சீனியர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதல் வருடம் முழுக்க எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும்தான். சி.டி.யில் ஒன்றை நீங்கள் விட்டுவிட்டாலும் படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மறுநாள் காலையில் பேராசிரியர் கண்ணில் பட்டுவிடும். அல்ட்ராசவுண்டில் புரோப் (உடம்பில் வைத்து நகர்த்தும் கைக்கருவி) பிடித்த உங்கள் கை போகாத இடத்துக்குப் படமே கிடையாது. நோயாளி எழுந்து போனபின் யாராலும் அதைத் தேடிப் பிடிக்க முடியாது. படம் பார்க்கும் கண் பிறகும் வரும், கை இப்போதே பழக வேண்டும்.

இரவு டியூட்டியில் பைக் விபத்து ஒன்று வருகிறது என்று வையுங்கள். புரோபை வலது விலாவின் பக்கவாட்டில் வைத்தால் கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டிக்கொண்டு தெரியும். இரண்டுக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்தால் தெரியும் மெல்லிய கறுப்புப் பட்டை இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். அங்கே நிறுத்திவிடாதீர்கள். புரோபைக் கல்லீரலின் கீழ் நுனி வரை இறக்குங்கள். கொஞ்சமாகக் கசியும் ரத்தம் பெரும்பாலும் அந்த நுனியில்தான் முதலில் தெரியும். அதைப் பார்க்காமல் 'திரவம் இல்லை' என்று எழுதக் கூடாது.

தை பிறந்தால் மதுரை ரெசிடென்டுக்கு வேறு ஊரில் எளிதில் கிடைக்காத பாடம் ஒன்று உண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் பலத்த காயம் பட்டவர்கள் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருவார்கள். கொம்புக் குத்து வெளியே இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. ஆனால் மாடு குத்திய வேகத்தில் தலையைத் தூக்கும். கொம்பு உள்ளே எந்தப் பக்கம் போனது என்பது தோலைப் பார்த்தால் தெரியாது. அல்ட்ராசவுண்டில் திரவம் இல்லை என்பதால் குடல் கிழியவில்லை என்று ஆகிவிடாது. சி.டி.யை லங் விண்டோவில் (நுரையீரல் பார்க்கும் கறுப்பு-வெளுப்பு அமைப்பில்) மாற்றி வைத்து, குடலுக்கு வெளியே பொட்டுப் பொட்டாகக் காற்று இருக்கிறதா என்று தேடுங்கள். சாதாரண விண்டோவில் அந்தக் காற்று கொழுப்போடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

ரிப்போர்ட் விஷயத்தில் ஒரே ஒரு பழக்கம் சொல்கிறேன். சீனியர் வாய் திறப்பதற்கு முன் உங்கள் ரிப்போர்ட்டை முழுசாக எழுதிவிடுங்கள். இறுதி ரிப்போர்ட் வந்ததும் எது மாறியது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு துறையில் எத்தனை மிஷின் இருக்கிறது என்பதைவிட, உங்கள் எழுத்தைத் திருத்திக் கொடுக்க ஒருவர் உட்காருகிறாரா என்பதுதான் நல்ல பயிற்சிக்கு அடையாளம். யாரும் உட்காரவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள். ஸ்கேன் கேட்டு வரும் சீட்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் இருந்தால் வார்டுக்கு போன் போடுங்கள். அதற்கும் முன்னால், "எங்கம்மா வலிக்குது, எத்தனை நாளா?" என்று மேஜையில் படுத்திருப்பவரிடமே கேளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம், கன்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) ஏற்றும் முன் அலர்ஜி, ஆஸ்துமா, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) மூன்றையும் நீங்களே பாருங்கள். அது ஒத்துக்கொள்ளாமல் பெரியவர்களுக்கு மூச்சு முட்டி, பிரஷர் இறங்கினால் அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். அட்ரினலின் எந்த டிரேயில் இருக்கிறது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்கு, கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. எஃப் படிவத்தில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்புங்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று வாயால் மட்டுமல்ல, சைகையாலும் சொல்லக் கூடாது. முதல் குற்றத்துக்கே மூன்று வருடம் வரை சிறை. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்களுக்கு நடந்ததை நாடே பேசிய காலம் ஒன்று இருந்தது. இந்த ஊரில் புரோபைப் பிடிக்கிறவர்களுக்கு அது மறக்கக் கூடாது. சொந்தக்காரர் கேட்டாலும் பதில் 'முடியாது'தான்.

தீசிஸுக்கு, உங்கள் துறைக்கு வாராவாரம் தானாக வரும் கேஸ்களிலிருந்தே தலைப்பை எடுங்கள். அபூர்வ நோயைப் பிடித்துக்கொண்டால் கடைசி வருடம் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் கேஸ் தேடி அலைவீர்கள். மூன்று மாத மாவட்ட ரெசிடென்சியையும் (மாவட்ட மருத்துவமனையில் செய்ய வேண்டிய பணி) மனதில் வைத்து, கேஸ் சேகரிப்பை அதற்கு முன்னும் பின்னுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.