எரிமலை மேல பழிய போட்டா ஆச்சா?

கேள்வி: 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலை விட்ட புகையிலதான் பெரும்பாலான உயிரினம் அழிஞ்சுதுன்னு விஞ்ஞானிகளே சொல்றாங்க. அப்போ கார் ஏது, ஃபேக்டரி ஏது? ஒரு எரிமலை விடறதுக்கு முன்னாடி நாம விடறதெல்லாம் ஜுஜுபி. அப்புறம் ஏன் மனுஷனையே திட்டிட்டு இருக்கீங்க?

பதில்: நீங்க கூட்டிட்டு வந்த சாட்சியே உங்களுக்கு எதிரா பேசுதே சார். சைபீரியாவுல அன்னைக்கு நடந்தது ஏதோ ஒரு மலை உச்சி வெடிச்ச கதை இல்ல, நிலமே விரிசல் விட்டு லட்சக்கணக்கான வருஷம் லாவா வழிஞ்சு ஓடியிருக்கு, ஆனா பெரிய சேதம் அந்த லாவாவால இல்லங்கறாங்க. மேல வராம பாறை அடுக்குகளுக்கு நடுவுலயே படுக்கைவாட்டுல பரவின மாக்மா, அதாவது உருகின பாறைக் குழம்பு இருக்கு பாருங்க, அதுதான் வில்லன். அது நுழைஞ்ச இடம் சைபீரியாவுல இருக்கற துங்குஸ்கா படுகை. அங்க இருந்தது நிலக்கரி, எண்ணெய், சுண்ணாம்புப் பாறை, உப்பு, எல்லாத்தையும் அடியிலயே வேகவச்சு, கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனுமா தரைய பிச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு, அப்படி வாயு வெடிச்சு கிளம்பின குழாய் மாதிரி தடங்கள் இன்னிக்கும் அங்க பாறைக்குள்ள இருக்கு. ஆக, அந்த எரிமலை செஞ்சதும் நிலக்கரிய எரிச்ச வேலைதான். இத எங்கயோ பாத்த மாதிரி இல்ல?

மீதி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்த வாயு வெப்பத்த பிடிச்சு வச்சதுல கடல் சுமார் 10 டிகிரி சூடாச்சு, சூடான தண்ணியில ஆக்சிஜன் தங்காது, போதாததுக்கு தண்ணி அமிலமாவும் மாறுச்சு, கடல் இனங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல காலி. 25 கோடி வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்ச ட்ரைலோபைட்டுங்கற ஓடு மூடின கடல் உயிரினத்துக்கும் அதோட கதை முடிஞ்சுது. சீனாவுல மெய்ஷான்ங்கற இடத்துப் பாறைய வச்சு கணக்குப் போட்டா, இந்த அழிவுக்கு ஆனது சுமார் 60,000 வருஷம். நிலக்கரிய நாம பெரிய அளவுல எரிக்க ஆரம்பிச்சு 250 வருஷம்கூட ஆகல.

அப்புறம் அந்த ஜுஜுபி கணக்கு. உலகத்துல இருக்கற மொத்த எரிமலையும் சேர்ந்து வருஷத்துக்கு விடற கார்பன் டை ஆக்சைடு பொதுவா சொல்ற கணக்குப்படி 30, 40 கோடி டன், நாம விடறது 3,500 கோடி டன்னுக்கு மேல. ஒரு வருஷ எரிமலை வேலைய நாம மூணு நாலு நாள்ல முடிச்சிடறோம்.