இடித்துப் போட்ட பள்ளியைப் பார்த்துப் பயந்த தம்பிக்கு

தம்பி, உடுமலையிலிருந்து கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதும் வேலைக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை, தண்ணீர், ரேஷன் அட்டை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: "மூன்றாம் வகுப்புக்குப் போகும் மகளுக்காக அரசு எல்.பி. (தொடக்கப்) பள்ளியைப் பார்த்தேன். பாதியை இடித்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே சேர்க்கலாமா, வேன் வரும் ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமா?" வாடகையும் ரேஷன் அட்டையும் வந்த பத்து நாளில் பிடிபட்டுவிடும், பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லித் தருவார்கள். நான் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் வந்தது 2003 மே மாதம். தாராபுரம் பக்கம் மழை பொய்த்துக் கிணறு வற்றிக் கிடந்த நேரம். தையல் மிஷினையும் இரண்டு தகரப் பெட்டிகளையும் பால் வேனில் ஏற்றிக்கொண்டு கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினோம். கடைவீதியில் எல்லோரும் தமிழ் பேசியதைக் கேட்டு, ஊர் மாறவே இல்லை என்று நினைத்தேன். அலுவலகத்தில் மலையாளப் படிவத்தைக் கையில் கொடுத்தபோதுதான் வேறு மாநிலத்தில் நிற்கிறோம் என்பது உறைத்தது. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது கொழிஞ்சாம்பாறை இருக்கும் இந்தச் சித்தூர் தாலுகா கேரளத்தோடு நின்றது, வீட்டுப் பேச்சு தமிழாகவே நின்றது. அதனால்தான் இங்கே தமிழ் வழி வகுப்புகள் இருக்கின்றன. கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிட்டுக் கொடுக்கிறது.

மகனை 2004 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். நீளமான ஒரே கூடம். மூங்கில் தட்டி வைத்து நான்கு வகுப்பாகத் தடுத்திருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் கூரை ஓடுகள் தடதடவென்று அடித்துக்கொள்ளும். அந்த ஜூலை 16-ஆம் தேதிதான் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். கைமரம் ஒன்றை விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது, முழுக்கக் கறையான். அன்றைக்குத்தான் நானும் இன்னும் ஆறு தாய்மார்களும் கட்டடத்துக்காக அலைய ஆரம்பித்தோம். இரண்டு வருடம் அலைந்தோம். எம்.எல்.ஏ. நிதியில் இரண்டு கான்கிரீட் அறைகள் வந்தன. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

ஆனால் அந்த இரண்டு வருடமும் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. திறப்பு விழாவுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் அழைப்பிதழ் அச்சடித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு மகனிடம் ஆசையாகக் கொடுத்து, "படி கண்ணு" என்றேன். படங்களையெல்லாம் காட்டினான். எழுத்துக்கு வந்ததும் விரலை 'வ' மேல் வைத்தான், 'கு' மேல் வைத்தான், அதற்கு மேல் நகரவில்லை. 'வகுப்பறை' என்ற சொல் அது. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் முத்து முத்தான எழுத்து. கரும்பலகையைப் பார்த்து வரைந்திருக்கிறான், படிக்கத் தெரியாது! கட்டட வேலை நடக்கும்போது மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். தினக்கூலி ஆசிரியர்கள் மூன்று பேர் மாறினார்கள், ஒருவருக்குத் தமிழே தெரியாது. எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "முதலில் கட்டடம் முடியட்டும், இருக்கிற பணம் அதற்கே போதவில்லை" என்றார்கள். இந்தப் பதிலை உங்களிடமும் சொல்வார்கள், தம்பி. ஏற்காதீர்கள். எம்.எல்.ஏ. நிதி, பஞ்சாயத்துத் திட்ட நிதி, கிஃப்பி (கேரள அரசின் உள்கட்டமைப்பு நிதி வாரியம்) என்று கட்டடத்துக்கு வரும் பணம் கட்டடத்துக்கென்றே வருவது. அதை நிறுத்தினாலும் உங்கள் மகளுக்கு எழுத்து வராது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு வேண்டியது தமிழ் தெரிந்த ஒருவருடைய நேரம். இரண்டும் வேறு வேறு கணக்கு, ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போட விடாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், குழுவில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது அந்தக் குழுவின் வேலை. எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது, சண்டை போட்டுத்தான் வாங்கினோம். உங்கள் மனைவியை அந்தக் குழுவுக்கு அனுப்புங்கள்.

கட்டடத்தை அலட்சியப்படுத்தச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019 நவம்பரில் வயநாட்டு சுல்தான் பத்தேரியில், வகுப்பறைப் பொந்திலிருந்த பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி இறந்துபோனாள். நீங்கள் பார்த்த பள்ளியில் வகுப்புக்குத் தகரக் கொட்டகை போட்டிருந்தால், அதற்கும் சேர்த்து ஃபிட்னஸ் சான்றிதழ் (கட்டடம் பாதுகாப்பானது என்ற சான்று) வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இடிக்கும் பக்கத்துக்கும் பிள்ளைகள் நடக்கும் வழிக்கும் நடுவே மறைப்பு இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு, மூன்றாம் வகுப்பு முடித்த எந்தப் பிள்ளையையாவது கூப்பிட்டு, பாடநூலில் நடுப்பக்கம் ஒன்றைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை முடிவு செய்கிறார்கள். நம் ஆட்கள் ஊர்த் திருவிழா, உறவுக்காரர் கல்யாணம் என்று ஜூலையில் பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். அதற்குள் தமிழ் வழியில் ஒரு பணியிடம் போய்விடும். போன பிறகு "மலையாளிகள் நம்மை மதிப்பதில்லை" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வேன் பள்ளிக்கு மாற்றிவிட்டு, கூட்டத்துக்கே வராமல் அரசுப் பள்ளியைக் குறை சொல்பவர்களும் நம்மவர்கள்தான். நான் மலையாளம் எழுதப் படிக்க இங்கே வந்துதான் கற்றேன், முப்பது வயதுக்கு மேல். உங்கள் மகளும் கற்க வேண்டியிருக்கும். பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கி 2017-இல் சட்டம் வந்தது. அவள் அதில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறாள் என்பதை முதல் நாளே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

என் மகனுக்கு எழுத்து வந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த ஒரு தமிழ் டீச்சர், நான்கு மணிக்கு மணியடித்த பிறகு பதினோரு பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார். புது அறைக்குப் பூச்சு காயவில்லை. ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் புளியங்கொட்டை. தரையில் கொட்டைகளை அடுக்கி 'அ' போடச் சொல்வார். அதே கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டிக் கணக்கும் சொல்லித் தருவார். நாங்கள் முறை வைத்து ஆளுக்கொரு நாள் சுண்டல் கொண்டுபோவோம். என் முறை புதன்கிழமை. கலவை மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே பிள்ளைகள் கத்திக் கத்திப் படித்தது இப்போதும் காதில் இருக்கிறது. ஓய்வு பெற்றுப் போகும்போது அந்த டப்பாவை எனக்குத்தான் கொடுத்தார். தையல் மேசையில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

வரும்போது மாற்றுச் சான்றிதழை மறக்காமல் வாங்கி வாருங்கள், தம்பி. சேர்க்கும் நாளில் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.