கார் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் கேரளத்தில் எவ்வளவு அபராதம், தமிழ்நாட்டில் எவ்வளவு?

கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், இன்சூரன்ஸ் முடிந்து பத்து நாள் ஆகிறது, நாளைக் காலை வேலந்தாவளம் வழியாகக் கோவை போக வேண்டும், எல்லைக்கு எந்தப் பக்கம் பிடித்தால் அபராதம் குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அதன் 196-ஆம் பிரிவுப்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய். 2019 செப்டம்பர் 1-க்கு முன்பு அதிகபட்சமே 1,000 ரூபாயாக இருந்தது; எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். ஓட்டியவருக்கு மட்டுமல்ல, தெரிந்தே வண்டியைக் கொடுத்தவருக்கும் அதே பிரிவுதான். அபராதம் கட்டிய ரசீதைக் காட்டி அதே வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ரசீது இன்சூரன்ஸ் ஆகாது.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது இந்த 2,000 ரூபாய்க்கு அல்ல. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் சித்தப்பாவிடம் பழைய மாருதி ஆம்னி ஒன்று இருந்தது. 2020 ஜனவரி தொடக்கத்தில் இன்சூரன்ஸ் முடிந்தது. ஏஜென்ட் இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார். தேங்காய் பறித்த காசு வரட்டும், பொங்கலுக்குப் பிறகு கட்டிவிடலாம் என்று சித்தப்பா தள்ளிப்போட்டார். முடிந்த பதினோராம் நாள், இருட்டும் நேரத்தில், கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி சாலையில் ஒரு மொபெட்டின் மேல் வண்டி மோதிவிட்டது. ஓட்டி வந்தவர் செங்கல் சூளையில் வேலை செய்பவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. சித்தப்பாவே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

மறுநாள் ஆம்னியின் முன்பெட்டியைத் திறந்து பாலிசித் தாளை நான்தான் எடுத்தேன். நான்காக மடித்து, மடிப்பில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. முடியும் தேதிக்குப் பக்கத்திலேயே 'நள்ளிரவு வரை' என்று அச்சடித்திருந்தது. சித்தி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், தேதி மாறிவிடாதா என்பதுபோல. பத்து, பதினைந்து நாள் சலுகை உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். 90 நாள் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடியைக் காப்பாற்றிக்கொள்ளத் தரும் அவகாசம். இடையில் நடக்கும் விபத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

வழக்கு பாலக்காட்டில்தான் நடக்கும், நமக்குத் தெரிந்த இடம் என்று சித்தப்பா நம்பிக்கொண்டிருந்தார். எல்லையில் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விபத்து நடந்த இடத்திலோ, அடிபட்டவர் வசிக்கும் இடத்திலோ, எதிராளி வசிக்கும் இடத்திலோ வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. அடிபட்டவர் பொள்ளாச்சியில் போட்டார். மூன்று வருடம் வாய்தாவுக்கு அலைந்த பிறகு 6,40,000 ரூபாயும் வட்டியும் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இன்சூரன்ஸ் இருந்திருந்தால் நிறுவனம் கட்டியிருக்கும். உயிருக்கும் உடலுக்கும் நேரும் சேதத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில், அதாவது நம் வண்டியால் அடிபடும் மற்றவருக்காக எடுக்கும் காப்பீட்டில், உச்சவரம்பே கிடையாது. இல்லாததால் முழுத் தொகையும் சித்தப்பா தலையில் விழுந்தது. கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கலாம் என்று வக்கீல் சொன்னார். ஜப்திக்கு முன்பே முப்பது சென்ட் தென்னந்தோப்பை விற்றார்.

அடிபட்டவரின் பக்கத்தையும் பாருங்கள். அவர் செய்த தவறு எதுவும் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனம் எதிரில் இருந்திருந்தால் தீர்ப்பு வந்ததும் பணம் வந்திருக்கும். எங்களிடமிருந்து அது தவணை தவணையாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவர் மனைவி ஒருமுறை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, திட்டாமல், மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும் இந்த மாதம் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். சித்தப்பாவால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

இத்தனைக்கும் காரணமான தொகையைச் சொல்கிறேன். 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1,000 சிசிக்குள் இருக்கும் சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு 2,094 ரூபாய், வரி தனி. அன்றைக்கு இன்னும் சற்றுக் குறைவு. 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய்.

உங்கள் கார் பொள்ளாச்சியில் வாங்கிய தமிழ்நாட்டு எண் வண்டி, இன்னும் பெயர் மாற்றவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது இன்னொரு சிக்கல். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளை நீங்கள் யார் மீதாவது மோதினால், உங்களை நம்பி வண்டியை விற்ற மனிதருக்கும் நோட்டீஸ் போகும். பெயர் மாற்றத்தை இந்த வாரமே தொடங்குங்கள்.

இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றுதான். மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமாவது ஆன்லைனில் எடுங்கள். முழுக் காப்பீடு வேண்டுமென்றால், இடையில் விட்டுப்போனதால் வண்டியைப் பார்வையிட்ட பிறகே தருவார்கள்; அதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். பாலிசி வந்ததும் பணம் கட்டிய நேரத்தைப் பார்க்காதீர்கள், அதில் 'தொடங்கும் நாள், நேரம்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். சிலவற்றில் மறுநாள் நள்ளிரவு என்று இருக்கும். அந்த நேரம் வரும்வரை சாவியைத் தொட வேண்டாம். கோவைக்குக் காலையில் பஸ் இருக்கிறது.