யோஹன்னெஸ், யான், இவான்: மூன்று பேருமே அருளப்பர்தான்

தம்பி முத்துக்குமார், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது, கூட வேலை செய்கிறவர்களில் ஒருவர் யோஹன்னெஸ், போலந்துக்காரர் யான், குரோஷியாக்காரர் இவான், "எங்கள் மூவருக்கும் ஒரே பெயர்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள், இது கிண்டலா நிஜமா, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஒரே பெயர்தான்.

மூலம் எபிரேய மொழியில் யோஹனான். கடவுள் அருள் செய்தார் என்று பொருள். அது கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, போன ஊரின் நாக்குக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்தது. ஜெர்மனியில் முன்பாதி தேய்ந்து ஹான்ஸ், டென்மார்க்கில் யென்ஸ், ஸ்பெயினில் ஹுவான், பிரான்சில் ழான், இத்தாலியில் ஜொவான்னி, ஹங்கேரியில் யானோஷ், அயர்லாந்தில் ஷான், இங்கிலாந்தில் ஜான்.

என் தாத்தா பெயர் அருளப்பன். நாங்கள் திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பைபிளில் வரும் யோஹன்னெஸை, அதாவது யோவானை, எங்கள் கோயிலில் அருளப்பர் என்றுதான் சொல்வோம், ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. இங்கே வந்து யோஹன்னெஸுக்குப் பொருள் தெரிந்த பிறகுதான் விளங்கியது: மற்ற நாட்டுக்காரர்கள் சத்தத்தை எடுத்துக்கொண்டார்கள், நம்மவர்கள் பொருளையே எடுத்துத் தமிழாக்கிவிட்டார்கள். பவுலும் அப்படித்தான். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன், அதனால் அவர் நமக்குச் சின்னப்பர். எனக்கு இதில் இன்றைக்கும் பெருமைதான்.

ஜெர்மன்காரர்களும் சில பெயர்களில் இதையே செய்திருக்கிறார்கள். இசையமைப்பாளர் மோட்சார்ட்டுக்கு 1756இல் சால்ஸ்பூர்க்கில் ஞானஸ்நானம் கொடுத்தபோது எழுதிய பெயர் ஜோவான்னெஸ் கிரிசோஸ்டோமுஸ் வோல்ஃப்காங்குஸ் தியோஃபிலுஸ். பாருங்கள், அவரும் ஒரு யோஹன்னெஸ்! கடைசியில் இருக்கும் தியோஃபிலுஸ் கிரேக்கம். அதை அவர் அப்பா ஜெர்மனில் கோட்லீப் என்று எழுதினார், உலகம் லத்தீனில் அமதேயுஸ் என்கிறது, நம் ஊரில் தேவநேசன் என்போம்.

சரி, யாரை எப்படிக் கூப்பிடுவது? ஒரே வேர் என்பதற்காக யான் என்பவரைப் போய் ஹான்ஸ் என்று கூப்பிட்டுவிடாதீர்கள். அவரவர் பெயர் அவரவருக்கு. இங்கே ஒருவருக்கு இரண்டு மூன்று முன்பெயர்கள் இருக்கலாம், அதில் கூப்பிடுவதற்கென்று ஒன்று இருக்கும், அதற்கு ரூஃப்னாமே என்று பெயர். காகிதத்தில் யோஹன்னெஸ் என்று இருப்பவர் தன்னை ஹன்னெஸ் என்று அறிமுகம் செய்துகொண்டால் ஹன்னெஸ்தான். நீங்களாகச் சுருக்க வேண்டாம். வயதில் பெரியவர்கள், புதியவர்கள் என்றால் அவர்களாக முன்பெயர் சொல்லி அழைக்கச் சொல்லும்வரை ஆணுக்கு ஹெர், பெண்ணுக்கு ஃப்ராவ் என்று மரியாதை அடைமொழி போட்டுக் குடும்பப் பெயர்.

நான் வந்த புதிதில் ஒருநாள் மாடிப்படியில் ஒரு பெண் நின்று "மார்கரெட்டெ அத்தை வீட்டில் இல்லையா?" என்று கேட்டார். கையில் துணி மூடிய கேக் தட்டு. அப்படி யாரும் இங்கே இல்லை, மேலே கிரேட்டே என்று ஒரு பாட்டி மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பாட்டியே கீழே வந்து கதவைத் தட்டினார், அதே கேக்கில் ஒரு துண்டோடு. மார்கரெட்டெதான் கிரேட்டே, கிரெட்டல், கிரெட்ஷன், ரீட்டா எல்லாம் என்று என் சமையலறை மேசையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அந்தப் பாட்டியிடம்தான் நான் ஜெர்மன் பேசவே பழகினேன். "ஹின்ட்ஸ் உண்ட் குன்ட்ஸ்" என்று அவர் அடிக்கடி சொல்வார். ஹைன்ரிக், கொன்ராட் என்ற பெயர்களின் சுருக்கம் அது. நாம் குப்பனும் சுப்பனும் என்கிறோமே, அதேதான்.

அப்புறம், உங்கள் பெயரைக் குமார் என்றோ கே என்றோ குறுக்கிக் கொடுக்காதீர்கள் தம்பி. முத்து என்று நிறுத்திச் சொல்லுங்கள், இரண்டு நாளில் அவர்களுக்கு வந்துவிடும். பொருள் கேட்டால் பெர்லே என்று சொல்லுங்கள். மார்கரெட்டெ என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் அதுதான் பொருள், முத்து. உங்கள் வேலையிடத்தில் ஒரு கிரேட்டாவோ ரீட்டாவோ இருந்தால், உங்கள் இருவருக்கும் ஒரே பெயர் என்று இனி நீங்கள் சொல்லலாம்.