கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

ஒரு செடியைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது: யோசனை சொல்வதற்கு முன் நம்மிடம் நாலு கேள்வி கேட்கிறவர் பேச்சைக் கேளுங்கள்.

நான் இருப்பது ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில். வந்த முதல் வருடம், ஜூன் மாதம், தொட்டியில் இருந்த கறிவேப்பிலை மஞ்சளடித்து இலையைக் கொட்டியது. ஊரில் மாடித்தோட்டம் போடும் நண்பர்களிடம் கேட்டேன். புளித்த மோர் ஊற்று, உரம் வை, தினமும் தண்ணீர் விடு என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் மாடியில் அது பலித்திருக்கிறது. ஆனால் இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், இரவில் உறைபனி விழும். அந்தக் குளிரில் செடி வளராமல் அப்படியே நிற்கும், தண்ணீரும் அதிகம் இழுக்காது. ஆகஸ்டில் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. விரலால் உருவியதும் தோல் மொத்தமாகக் கழன்று, நூல் மாதிரி உள்நரம்பு மட்டும் கையில் நின்றது. பத்து நாள் மனசே ஆறவில்லை.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் சொன்னேன். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக அவர் முதலில் கேட்டது: "தொட்டியா, தரையா? ராத்திரி எங்க வெச்சே? மண்ணுக்குள்ள விரல் விட்டுப் பாத்தியா?" பிறகுதான் வழி சொன்னார். குளிர்காலத்தில் தொட்டியை வடக்கு பார்த்த சுவரோரம் வை, இங்கே வெயில் வடக்கே சாய்ந்துதான் வரும். இரண்டு விரற்கடை ஆழம் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். செப்டம்பர் வரை உரத்தைத் தொடாதே. பனியில் தனக்கும் இரண்டு செடி போனதைச் சொன்னபோது அவர்மேல் நம்பிக்கை இன்னும் கூடியது.

ஒரே நாடு என்பதும் போதாது. டர்பனில் இருக்கும் உறவினர் "வருஷம் முழுக்க வெளியிலேயே விடு" என்கிறார். கடலோர ஊர், உறைபனி கிடையாது, அங்கே அது சரி. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதை நம்பி இங்கே வெண்டை போட்டால் முளைக்கவே முளைக்காது.

உங்கள் ஊர் எது, செடி தொட்டியிலா தரையிலா, கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள்? எழுதுங்கள், பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.